சும்மா இராத மூளை

மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வுகளில், எந்திரத்துக்குள் படுத்திருப்பவருக்குத் தரப்படும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: சும்மா படுத்திருங்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது திரையில் தெரியும் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குறிப்பாக எதையும் நினைக்க வேண்டாம். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சொற்களைக் காட்டுவார்கள், படங்களைக் காட்டுவார்கள், பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வேலை செய்தபோது எடுத்த படத்திலிருந்து சும்மா இருந்தபோது எடுத்த படத்தைக் கழித்தால், அந்த வேலைக்கு உழைத்த மூளைப் பகுதி மிஞ்சும். தூக்குப் பாத்திரத்தில் எண்ணெய் வாங்கும்போது வெறும் பாத்திரத்தின் எடையைக் கடைக்காரர் கழித்துக்கொள்வாரே, அதே கணக்கு.

1990களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்கில் என்ற நரம்பியலாளரின் ஆய்வகத்தில் இந்தக் கணக்கு உதைத்தது. அவர்கள் பயன்படுத்தியது பெட் ஸ்கேன். கதிரியக்க ஆக்சிஜன் கொண்ட நீரை நரம்பில் ஏற்றி, மூளையில் ரத்தம் எங்கெல்லாம் கூடுதலாகப் பாய்கிறது என்று பார்க்கும் முறை. அந்த ஆக்சிஜனின் அரை ஆயுள் இரண்டே நிமிடம் என்பதால் எல்லாவற்றையும் விரைவாகச் செய்தாக வேண்டும். கழித்துப் பார்த்தால் சில இடங்களில் விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது, வேலை கொடுத்ததும் அந்தப் பகுதிகள் அடங்கின. ஒரு சோதனையில் மட்டும் இப்படி வந்திருந்தால் எந்திரக் கோளாறு என்று விட்டிருப்பார்கள். அதே குழுவைச் சேர்ந்த கார்டன் ஷுல்மன் 1997இல் ஒன்பது ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார். வேலை எதுவானாலும் அடங்கும் பகுதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அப்படியென்றால், சும்மா இருந்தபோது அவை எதையோ மும்முரமாகச் செய்துகொண்டிருந்தன. வெறும் பாத்திரம் என்று எடைபோட்டது வெறும் பாத்திரமே இல்லை.

நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்கு ஒன்றைப் போட உட்கார்ந்தால் அந்தச் செலவு எவ்வளவு கூடும்? 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான். மிச்சச் செலவெல்லாம் நாம் கேட்காமலே நடக்கும் வேலைகளுக்கு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டபோதே, ஓய்விலும் மூளை இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெய்க்கில் 2001இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பகுதிகளுக்கு 'டீஃபால்ட் மோடு நெட்வொர்க்' என்ற பெயர் நிலைத்தது. நெற்றிக்குப் பின்னால், இரண்டு அரைக்கோளங்களும் முகம் பார்த்து நிற்கும் உள்சுவரில் ஒரு பகுதி. அதே உள்சுவரில் பின்னால் தள்ளி 'பின்புற சிங்குலேட்' என்று ஒன்று. காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தாலும் இவை சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. தமிழில் இதற்கு விதவிதமான கலைச்சொற்கள் ஆக்கலாம். இந்த அத்தியாயத்துக்கு நான் 'சும்மா வலை' என்று வைத்துக்கொள்கிறேன். 'என்ன பண்றே?' என்றால் 'சும்மாதான் இருக்கேன்' என்கிறோம் அல்லவா, அந்த நேரத்தில் இயங்கும் வலை.

அது அங்கே என்னதான் செய்கிறது?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2002இல் நடந்த சோதனை ஒன்று இதைத் தொட்டுக் காட்டியது. ஸ்கேனில் படுத்திருப்பவருக்கு 'நேர்மையான', 'பொறாமை பிடித்த' என்பதுபோன்ற குணச்சொற்களைக் காட்டினார்கள். ஒரு சுற்றில் கேள்வி: இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா? இன்னொரு சுற்றில்: இது அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் பொருந்துமா? மூன்றாவதில்: இது பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறதா? சொல் ஒன்றுதான், கேள்வி மட்டும் வேறு. எனக்கா என்று கேட்டபோது, சும்மா வலையின் நெற்றிப்பக்கப் பகுதி ஓய்வில் இருந்த அளவிலேயே உயர்ந்து நின்றது. புஷ் என்றதும் இறங்கியது. எழுத்து என்றதும் இறங்கியது. சும்மா இருக்கும் மூளைக்கும் தன்னைப் பற்றி நினைக்கும் மூளைக்கும் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தனியாக விடப்பட்டால் மூளை பெரும்பாலும் பேசுவது தன்னைப் பற்றித்தான். நேற்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம், நாளைக்கு நான் என்ன பதில் சொல்வேன், போன வருஷம் அப்படிச் செய்திருக்கலாமே.

இந்தப் பேச்சைப் பேசுபவர் எப்படிப்பட்டவர்? மைக்கேல் கஸனிகா என்ற நரம்பியலாளரின் பழைய சோதனையைவிட நல்ல சாட்சி இதற்கு இல்லை. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, மூளையின் இரு அரைகளையும் இணைக்கும் நரம்புக் கட்டை வெட்டிவிடுவதுண்டு. அப்படி வெட்டப்பட்ட ஒருவருக்கு, 1970களில், இரண்டு அரைகளுக்கும் வேறு வேறு படங்களைக் காட்டினார்கள். பேசத் தெரிந்த இடது அரைக்குக் கோழிக்கால். பேச்சில்லாத வலது அரைக்குப் பனி மூடிய வீடு. பிறகு, பொருத்தமான அட்டைகளை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழியை எடுத்தது. இடது கை பனி அள்ளும் மண்வாரியை எடுத்தது. இரண்டும் சரியான தேர்வுகள். மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பனியைப் பார்க்காத இடது அரை அல்லவா பதில் சொல்ல வேண்டும்? 'தெரியவில்லை' என்று அது சொல்லவில்லை. கோழிக்கால் கோழிக்கு, கோழிக் கொட்டகையைச் சுத்தம் பண்ண மண்வாரி வேண்டாமா என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்லியது.

இப்படிக் காரணம் கட்டும் இடது அரைக்கு, 'விளக்கம் சொல்பவர்' என்ற பொருளில் கஸனிகா ஒரு பெயர் வைத்தார். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: உரையாசிரியர். நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லைத் தூக்கி வந்து வேறெங்கோ இருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வார் என்று தமிழாசிரியர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. மூலத்தில் இடைவெளி இருந்தாலும் உரையில் இருக்காது. நம் தலைக்குள் இருப்பவரும் அப்படித்தான். நடந்ததற்கெல்லாம் உரை எழுதி, ஒவ்வொரு உரையின் கீழும் 'நான்' என்று கையெழுத்துப் போடுகிறார்.

ஆங்கிலத்தில் ஈகோ என்ற சொல் புழங்குவதற்கு ஃபிராய்டின் மொழிபெயர்ப்பாளர்கள்தான் காரணம். அவர் ஜெர்மனில் எழுதியது வெறும் 'நான்' என்பதுதான். அதை லத்தீனாக்கி மருத்துவக் கலைச்சொல்போல ஆக்கிவிட்டார்கள். தமிழில் நமக்கு வேறு சிக்கல். ஈகோ என்றதும் அகந்தை, ஆணவம், செருக்கு என்று போய்விடுகிறோம். சைவ சித்தாந்தத்தில் மும்மலங்களில் முதலாவதாக வைக்கப்படும் ஆணவம் உயிரைச் சிறுக்கவைக்கும் மறைப்பு. பேச்சு வழக்கிலோ ஆணவக்காரர் என்றால் திமிர் பிடித்தவர். இங்கே பேசப்படும் 'நான்' திமிரோடு மட்டும் சேர்ந்ததில்லை. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று இரவெல்லாம் மருகுபவரின் தலைக்குள் எழுதிக்கொண்டிருப்பதும் அதே உரையாசிரியர்தான். சொல்லப்போனால் அங்கே அவருக்கு வேலை இன்னும் அதிகம். மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் சும்மா வலை எளிதில் அடங்குவதில்லை என்று 2000களின் பிற்பகுதியிலிருந்து பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நோய் இல்லாதவர்களுக்கும் இந்தத் தனிமைப் பேச்சு அவ்வளவு இனிப்பதில்லை. ஹார்வர்டில் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2250 பேரின் ஐபோனுக்கு நாளின் எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 2010இல் வந்த முடிவுப்படி 46.9 சதவீதப் பதில்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவு. செய்யும் வேலை பிடிக்காத வேலையாக இருந்தால்கூட, மனம் அதிலேயே இருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமத்தி வில்சன் இன்னும் கடுமையாகப் போனார். ஒரு வெற்று அறை, கால் மணி நேரம், துணைக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு பொத்தான் மட்டும். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒருமுறை வாங்கி, காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன் என்று சொன்னவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார்கள். ஒருவர் 190 முறை அழுத்தியதால் அவரைச் சராசரிக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அந்தப் பொத்தானைவிட எவ்வளவோ சாதுவானது. அழுத்துகிற காரணம் மட்டும் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

இப்படி அலையும் மனத்துக்கு நம்மிடம் உள்ள பழைய மருந்து தியானம். ஆனால் அது அறிவியலுக்குள் வந்தது சும்மா வலையின் வழியாக இல்லை. யோகிகள் மீதான வியப்பின் வழியாக வந்தது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி. கே. ஆனந்தும் அவரது சகாக்களும் நான்கு யோகிகளின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி 1961இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை, ஏதாவது சத்தமோ தொடுகையோ வந்தால் கலைந்துவிடும். அது எல்லோருக்கும் நடப்பது. சமாதியில் இருந்த யோகிகளுக்குப் பளிச்சென்று வெளிச்சம் காட்டினார்கள், ஓசை எழுப்பினார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். அலை கலையவில்லை. இரண்டு யோகிகள் 4 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் கலையவில்லை.

ஜப்பானில் கசமாட்சுவும் ஹிராயும் ஜென் குருமார்களைச் சோதித்து 1966இல் இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொன்னார்கள். 'க்ளிக்' என்ற ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் சாதாரணமானவர்களின் மூளைக்கு அது விரைவில் பழகிவிடும். சில க்ளிக்குகளுக்குப் பிறகு கண்டுகொள்ளாது. ஜென் குருமார்களின் மூளையோ ஒவ்வொரு க்ளிக்கையும் முதல் க்ளிக்போலவே எதிர்கொண்டது. யோகிக்கு ஓசையே இல்லை. ஜென் குருவுக்கு ஒவ்வொரு ஓசையும் புதிது. மிக அழகான முரண். பாடநூல்களில் நெடுங்காலம் இருந்தது. 1981இல் பெக்கரும் ஷப்பிரோவும் இன்னும் கவனமாகச் செய்து பார்த்தபோது, ஜென், யோகம், சாதாரணர் என்ற குழுக்களுக்கிடையே அப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை. அழகாக இருப்பதாலேயே ஒரு முடிவு உண்மையாகிவிடாது. தியான ஆய்வுகளின் வரலாற்றில் இது பலமுறை திரும்ப வரும்.

சரி, தியானத்தில் உட்காரும் சாதாரண ஆளுக்கு என்ன நடக்கிறது? என்னையே எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலை, மொட்டை மாடி, பாய். மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மூச்சு கவனிக்கப்படுகிறது. இரண்டாவதும். மூன்றாவது மூச்சுக்குள் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா என்ற கேள்வி வருகிறது. அங்கிருந்து கேஸ் ஏஜென்ஸி, ஏஜென்ஸிக்கு எதிரில் இருக்கும் டீக்கடை, அந்தக் கடையில் பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நண்பரோடு போட்ட சண்டை, அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அந்தப் பதில் இப்போது பிரமாதமாக அமைகிறது. நண்பர் வாயடைத்து நிற்கிறார். அப்போதுதான் உறைக்கிறது, மூச்சு எங்கோ போய்விட்டது.

இந்த 'உறைக்கிற' கணத்தைத்தான் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் 2012இல் பிடித்தார். தியானப் பழக்கமுள்ள 14 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மனம் போய்விட்டது என்று தெரியவரும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முந்தைய நொடிகளில் சும்மா வலை ஓங்கியிருந்தது. அழுத்தும் தருணத்தில், முக்கியமானது எது என்று மணியடிக்கும் வேறொரு வலை எழுந்தது. அதில் இன்சுலா என்ற பகுதி உண்டு. பிறகு கவனத்தைத் திருப்பும் முன்மூளைப் பகுதிகள். திரும்பவும் மூச்சு. சிறிது நேரத்தில் மறுபடியும் சும்மா வலை. எத்தனையோ ஆண்டுகள் பழகியவர்களுக்கும் இந்தச் சுற்று நடந்துகொண்டுதான் இருந்தது. மனத்தை வெறுமையாக்குவதுதான் தியானம் என்று நினைத்து, அது முடியவில்லையே என்று விட்டுவிட்டவர்களுக்கு இந்த ஆய்வைக் காட்ட வேண்டும். மனம் போனதைக் கண்டுபிடிப்பதே இங்கே பயிற்சி. போகாவிட்டால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் ப்ரூவர், அனுபவசாலிகளையும் புதியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். மூச்சைக் கவனிப்பது, எல்லோரும் நலமாயிருக்க எண்ணுவது, வருவதையெல்லாம் வெறுமனே பார்த்திருப்பது என்று மூன்று வகைத் தியானங்கள். அனுபவசாலிகளிடம் மூன்றிலும் சும்மா வலையின் முக்கிய முனைகள், அதாவது நெற்றிப்பக்கமும் பின்புற சிங்குலேட்டும், புதியவர்களைவிட அடங்கியிருந்தன.

அடுத்து அவர் குழு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பின்புற சிங்குலேட்டின் ஏற்ற இறக்கத்தை அவ்வப்போதே வரைபடமாக்கி, தியானம் செய்பவரின் கண்ணெதிரே ஓடவிட்டார்கள். கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். தியானம் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் வரைபடத்தையும் பொருத்திப் பார்த்துச் சொன்னார்கள். மனம் அலைந்தபோது சிவப்பு என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. முனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, 'இதோ கவனிக்கிறேன்' என்று முயன்றபோதும் சிவப்புதான். முயற்சி தளர்ந்து, கவனம் மட்டும் தானாக நின்றபோது நீலம். கேட்டி கேரிசன் முதலாசிரியராக 2013இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தபோது, மொட்டை மாடியில் நான் பட்ட பாடெல்லாம் சிவப்பு என்று புரிந்தது. எண்ணம் வந்ததா என்பது அங்கே பெரிய கேள்வியாக இல்லை. வந்த எண்ணத்தோடு 'நான்' ஒட்டிக்கொண்டதா என்பதுதான் கேள்வி. பின்புற சிங்குலேட்டின் வேலை அந்த ஒட்டுதலோடு தொடர்புடையது என்பது ப்ரூவரின் கருத்து. கருத்துதான். முடிவான உண்மையாக அவரும் சொல்லவில்லை.

சும்மா இருப்பது என்றால் படுத்துக் கிடப்பது இல்லை என்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஊர் அருணகிரிநாதருக்கு முருகன் தந்த உபதேசமே சும்மா இருக்கச் சொன்னதுதான் என்பது மரபு. அதே ஊருக்கு 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் வந்து சேர்ந்தான். பெயர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. ஒன்றரை மாதத்துக்கு முன்பு, சித்தப்பா வீட்டு மாடியறையில் திடீரென்று அவனைச் சாவு பயம் பிடித்தது. யாரையும் கூப்பிடாமல், பிணம்போலக் கைகால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்தால் 'நான்' என்பது என்னவாகும் என்று பார்த்தான். பிறகு 1901, 1902 ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலானது. எண்ணங்களோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை அவர். எண்ணம் எழுந்தால், இது யாருக்கு எழுந்தது என்று கேட்கச் சொன்னார். எனக்கு என்று விடை வரும். அந்த 'நான்' யார்?

ரமணரை எந்த எந்திரமும் படம்பிடித்ததில்லை, அவர் கண்டது என்ன என்பதற்கு மூளைப் படத்தால் தீர்ப்பளிக்கவும் முடியாது. ஆனால் அவர் கேள்வியில் இரண்டு 'நான்' இருக்கின்றன: பேசப்படுகிற நான், பார்க்கிற நான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் ஏறக்குறைய இதே பிரிவினையைச் செய்தார். 2007இல் டொராண்டோவில் நார்மன் ஃபார்பின் குழு அதை ஸ்கேனுக்குள் கொண்டுபோனது. ஒரு குணச்சொல்லைப் படித்ததும், இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று யோசிப்பது ஒரு வகை. அந்தச் சொல் இந்தக் கணத்தில் உடம்பிலும் மனத்திலும் என்ன செய்கிறது என்று மட்டும் கவனிப்பது இன்னொரு வகை. தியானப் பயிற்சி இல்லாதவர்களிடம் இரண்டும் பின்னிக் கிடந்தன. உடலைக் கவனிக்கச் சொன்னாலும் நெற்றிப்பக்கத்து உரையாசிரியர் முழுதாக அடங்கவில்லை. எட்டு வாரம் பயிற்சி பெற்றவர்களிடம் பின்னல் தளர்ந்திருந்தது. கதை சொல்லும் பகுதி அடங்க, உடலுணர்வைக் கேட்கும் இன்சுலா முன்னுக்கு வந்தது. அந்த எட்டு வாரப் பயிற்சி, ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கியது. புத்த மடங்களின் பயிற்சியைக் காவி கழற்றி மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் அவர்.

தியானம் தரும் அமைதிக்கான முழுப் பெருமையையும் 'நான்' கரைவதற்கு மட்டும் கொடுத்துவிட வேண்டாம். மூச்சுக்கும் ஒரு பங்கு போக வேண்டும். மூச்சை விடும்போது இதயம் சற்று நிதானிக்கிறது, இழுக்கும்போது சற்று விரைகிறது. வேகஸ் நரம்பின் வேலை. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தும், 'ஓம் மணி பத்மே ஹூம்' ஜபிக்கவைத்தும் பார்த்து 2001இல் எழுதினார். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் அந்தத் தாளத்தில் நன்றாக வேலை செய்தது. மேரிக்கும் மணிபத்மத்துக்கும் ஒரே தாளம்!

இனிக் கசப்பான பக்கம். தியானம் மூளையின் சாம்பல் நிறப் பகுதியைத் தடிமனாக்கும் என்று படித்திருப்பீர்கள். 2011இல் வந்த, மிகவும் பரவிய ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் 16 பேர். 2022இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில், திபெத்தியத் துறவிகளின் மூளையை ஆராய்ந்து புகழ்பெற்ற ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகமே இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து பார்த்தது. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பு எதுவும் மாறவில்லை. தியானத்தின் மேல் பிரியமுள்ளவர்களே இதை வெளியிட்டது பாராட்ட வேண்டியது. பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 47 சோதனைகளை, 3515 பேரின் தரவுகளைச் சலித்து 2014இல் தந்த விடை நிதானமானது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன் உண்டு. உடற்பயிற்சியையோ மருந்தையோ மிஞ்சியதற்குச் சான்று இல்லை.

'நான்' கழன்றுகொள்வது எல்லோருக்கும் அமைதியாகவும் இருப்பதில்லை. தீவிரப் பயிற்சியின்போது, தான் இல்லாததுபோன்ற உணர்வு சிலரைக் கலங்கடித்திருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லபி பிரிட்டன் இத்தகைய அனுபவங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்துவருகிறார். ஒருவருக்கு விடுதலையாகத் தெரிவதை இன்னொருவர் மனநல மருத்துவரிடம் நோயாகச் சொல்கிறார். எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல இன்று வழியில்லை. முன்பு மனநோய் இருந்தவர்கள் தனியாகப் பத்து நாள் மௌனத்தில் போய் உட்காரும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

என்னைச் சிரிக்கவைத்த ஆய்வு ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யோக்கன் கெபாவர் குழுவினர் யோகா பயிலும் 93 பேரைப் பதினைந்து வாரம் தொடர்ந்தார்கள். உங்கள் வகுப்பின் சராசரி மாணவரோடு ஒப்பிட்டால் நீங்கள் எப்படி என்பதுபோன்ற கேள்விகள். யோகா முடித்த கையோடு கேட்டால் சுயமதிப்பு ஏறியிருந்தது. ஒரு நாள் யோகா இல்லாமல் கேட்டால் அவ்வளவு இல்லை. தியானம் செய்யும் 162 பேரிடமும் அதே கதை. 2018இல் வெளியானது. அகந்தையை விடும் பயிற்சியில் அகந்தை வளர்ந்திருக்கிறது. எந்த வேலையைக் கொடுத்தாலும், அந்த வேலையில் தான் கெட்டிக்காரன் என்று எழுதிக்கொள்வதுதான் உரையாசிரியரின் இயல்பு. துறவறத்தையும் அவர் விட்டுவைப்பதாக இல்லை.

அவரை ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கிவிடலாமா என்றால், உயிரியல் ஒப்புக்கொள்ளாது. சும்மா வலைதான் நேற்றை நினைவுக்குக் கொண்டுவருகிறது, நாளையைக் கற்பனை செய்கிறது, எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கிறது. அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதம் முதலில் படியும் இடங்களில் பெரும்பகுதி இந்த வலையில்தான் இருக்கிறது. அந்த நோயாளிகளிடம் 'நான்' கழன்றுகொண்டிருக்கிறது. அதை யாரும் அமைதி என்று சொல்ல மாட்டார்கள். எலிகளுக்கும் குரங்குகளுக்கும்கூட இதைப்போன்ற வலை இருப்பது தெரிந்திருக்கிறது. எலி நேற்றைய அவமானத்தை நினைத்து மருகுகிறதா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே இந்த வலையையே அகந்தையின் இருப்பிடம் என்று பெயரெழுதி ஒட்டிவிடுவதும் அவசரம். உரையாசிரியர் இந்த வீட்டில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவு சொல்லலாம்.

போன வாரம் மாடியில் ஒரு நாள். சிலிண்டர் வந்தது, போனது. டீக்கடை வந்தது, போனது. நண்பர் வரவில்லை. பக்கத்துத் தென்னையில் அணில் ஓடியது. தூரத்தில் பால்காரரின் வண்டி. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது, அதை யாரும் இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, மிகத் தெளிவாக, எனக்கு நன்றாகப் பழக்கமான குரலில் ஒரு வாக்கியம் கேட்டது: 'பரவாயில்லையே, இன்றைக்கு நமக்கு நன்றாக அமைந்துவிட்டதே!'

எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்கினேன்.